தழை போட்டவர்

"ஒரு கீறல்கூட விழாம இந்தக் காட்டுக்குள்ள வண்டி ஓட்ட வழி சொல்லு அம்மணி" என்றார் மருதப்பன்.

பொம்மி தன் ஜீப்பின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வழி இருக்குங்க மாமா. வண்டிய வீட்டுலயே நிறுத்தி ஒரு போர்வையப் போத்தி விட்டுருங்க."

மருதப்பனுக்குச் சுருக்கென்றது. அவருக்கு அறுபத்தொன்று. இவளுக்கு முப்பத்தி நாலு. ஆனாலும் வாயை மூடிக்கொண்டார். கற்றுக்கொள்ள வந்தவருக்கு ரோஷம் எதற்கு?

அடிவாரத்து அத்தியூரிலிருந்து மேல்கூவைக்குப் பத்துக் கிலோமீட்டர். நடுவில் நாலு கிலோமீட்டர் அடர்காடு. ஒரு ஜீப் போகலாம், இரண்டாவதற்கு இடமில்லை. அந்தப் பாதையில் பதிமூன்று வருஷமாக ஓட்டுகிறவள் பொம்மி. மளிகைச் சாமான், பரீட்சைத் தாள், காய்ச்சல்காரர், கல்யாணப் பெண் எல்லாம் அவள் வண்டியில்தான் ஏறி இறங்கும்.

மருதப்பன் முப்பத்திரண்டு வருஷம் பட்டறையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். ஒரே மகள் செண்பகம். மேல்கூவைப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனவள், அங்கேயே பொம்மியின் தம்பி சடையனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு வந்த மருதப்பன் இலையில் கை வைக்காமல் இறங்கிப் போனார். அப்புறம் இரண்டு வருஷம் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"மகளைக் காட்டுல தொலைச்சவன்" என்று பட்டறைத் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அது அவர் காதுக்கும் வந்தது.

மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. பெற்ற மனம் பித்துத்தானே. ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். தகரம் தெரியும்வரை சுரண்டினார். புட்டி, பிரைமர், அதற்கு மேல் ஒன்பது கோட்டு மயில்கழுத்து நீலம். செண்பகம் சின்னப் பெண்ணாகப் பள்ளிக்கூடம் போன நாளில் ஆசையாகக் கட்டிய பாவாடையின் நிறம் அது.

வெள்ளிக்கிழமை நல்ல நாள். அன்றைக்கு அந்த ஜீப்பில் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். பட்டறைத் தெரு வழியாக வர வேண்டும். நாலு பேர் பார்க்க வேண்டும். அதில் ஒரு கோடு விழுந்திருந்தாலும் அவருக்குத் தாங்காது.

"நாளைக்கு வாங்க மாமா" என்றாள் பொம்மி. "மூணு நாள் வேணும்."

•

முதல் நாள் ஜீப்போடு வந்து நின்றார்.

"அது இருக்கட்டும். நடங்க" என்றாள் பொம்மி.

நடந்தார்கள். ஒடுங்கின இடத்தில் ஒரு கிளை குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. பொம்மி அதை இரண்டு விரலால் ஒதுக்கினாள். கடந்தாள். பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.

அடுத்த கிளைக்கு மருதப்பன் முன்னால் போனார். தள்ளினார், கடந்தார், விட்டார். அது சுளீரென்று பொம்மியின் தோளில் விழுந்தது.

அவள் தோளைத் தடவிக்கொண்டாள்.

"வேகமாப் போனா அடிக்கும், மெதுவாப் போனா தடவும். அதானே பாடம்?" என்றார்.

"உங்க பட்டறையில உப்புத்தாள்னு ஒண்ணு தேய்ப்பீங்களே மாமா. அதுல அறுக்கறது தாளா, தாள்ல ஒட்டியிருக்கற மணலா?"

"மணல்தான்."

"கிளையும் தாளு மாதிரிதான். வண்டியில நீங்க கொண்டு வர்ற புழுதிதான் அறுக்குது."

முப்பத்திரண்டு வருஷம் தேய்த்த கை அது. இந்த ஒரு விஷயம் அவருக்குத் தோன்றியதே இல்லை. அன்று சாயங்காலம் ஜீப்பை மூன்று தடவை கழுவினார்.

•

இரண்டாம் நாள் பொம்மி அவரை ஒரு பாறையில் உட்கார வைத்தாள்.

"என்ன செய்யணும்?"

"கேளுங்க."

கேட்டார். காற்று. ஒரு குருவி. வயிற்றுப் பசி. ஒரு மணி நேரம் போனது.

"ஒண்ணும் கேக்கலியே அம்மணி."

"நல்லது. ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டீங்க."

மருதப்பனுக்கு எரிச்சல் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. "நாளைக்காவது ஸ்டியரிங்கத் தொடலாமா?"

"நாளைக்குக் காட்ட வேண்டியது தரையில கிடக்கும். அத ஒருதடவ பார்த்துட்டா அப்புறம் நீங்களே ஓட்டிக்கலாம்."

தரையில் என்ன கிடக்கப்போகிறது, கல்லும் சேறும் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவர் போகவில்லை. வியாழக்கிழமை முழுக்க ஜீப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவசரத்தில் அண்டாவில்கூடக் கை நுழையாது என்பார்கள். அவருக்கு அது தெரியாதா? தெரியும். தன் விஷயம் என்று வந்தால் யாருக்கு நினைவு வருகிறது?

•

வெள்ளிக்கிழமை விடியற்காலைக் கருக்கலில் ஓர் அரிவாளை எடுத்துக்கொண்டு தனியாகக் காட்டுக்குள் நடந்தார்.

யோசனை சுலபமானது. கீறுகிற கிளையை வெட்டிவிட்டால் கீறல் ஏது? வெட்டின கிளையைச் சேற்றுப் பள்ளத்தில் போட்டால், சக்கரத்திலிருந்து கல்லும் தெறிக்காது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

காடு தொடங்கும் இடத்தில் ஓர் உசில மரம். அரிவாள் பதமாக இருக்கிறதா என்று அதில் ஒரு கிளையைப் போட்டுப் பார்த்தார். அப்புறம் ஒவ்வோர் ஒடுக்கத்திலும் வெட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் குறுக்கே போட்டார். மேல் எல்லைவரை ஏழு பள்ளம். ஏழரை மணிக்குத் திரும்பி இறங்கினார்.

குளித்தார். வெள்ளை வேட்டி. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பத்தரை மணிக்கு ஜீப்பை எடுத்தார்.

நாலு கிலோமீட்டரும் தழைமேல் மெத்தென்று ஏறிப் போயிற்று. ஓர் இலைகூட வண்டியைத் தொடவில்லை. இதற்கா மூன்று நாள் என்று சிரித்துக்கொண்டார்.

கடைசி வளைவில் திரும்பினார். எதிரே பொம்மியின் ஜீப் நின்றது.

சடையன் வெளியே நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. பின்சீட்டில் செண்பகம், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள்.

நாள் கணக்குக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. குழந்தை தலை திரும்பவில்லை, வலி வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று நர்ஸம்மா முன்பே சொல்லியிருந்தாள்.

பொம்மி ஓடி வந்தாள்.

"மாமா, எப்படி வந்தீங்க? யானை எங்க நிக்குது?"

"யானையா? வழியில ஒண்ணுமே இல்லியே."

"எட்டரைக்கு வலி வந்துச்சு. ஒன்பது மணிக்கு இங்க வந்துட்டோம். ரெண்டு மணி நேரமா நிக்கறோம். தழை கிடக்குதுங்களே."

"தழை கிடந்தா?"

பொம்மி அவர் முகத்தைப் பார்த்தாள். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அந்தப் பக்கம் யானை நின்னா, பார்த்தவங்க ஒரு கிளைய வெட்டிப் பாதையில குறுக்கப் போடுவாங்க. யானை விலகினதும் போட்டவங்களே வந்து எடுப்பாங்க. அவங்க எடுக்கற வரைக்கும் யாரும் தாண்டறதில்ல. வேற யாரும் அதைத் தொடறதும் இல்ல."

"தாண்டினா என்ன, பார்த்துப் போனா..."

"என் வீட்டுக்காரர் தாண்டினாருங்க மாமா."

பொம்மி தாலி இல்லாமல் இருப்பதை மருதப்பன் இரண்டு நாளாகப் பார்த்திருந்தார். ஏன் என்று கேட்டதில்லை.

"இந்த மலையில தழை பொய் சொன்னதில்ல" என்றாள்.

மருதப்பன் தன் கையைப் பார்த்தார். உசிலங்கறை இன்னும் போகவில்லை.

"யானை இல்ல அம்மணி. அது நான் போட்டது."

சடையன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பொம்மி கையைக் காட்டினாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

"மூணாம் நாள் காட்ட வச்சிருந்தது அதுதானுங்க" என்றாள். "முத நாளே காட்டியிருக்கணும். என் தப்பும்தான்."

உள்ளே செண்பகம் முனகினாள். "அண்ணி, முடியல."

இனி யார் தப்பு என்று பேச நேரமில்லை. கீழே போக வேண்டிய ஜீப் மேலே. மேலே பார்த்து நிற்கிற ஜீப் கீழே. நடுவில் ஒரு வண்டிக்கான பாதை. நாலு கிலோமீட்டர் பின்னால் எடுக்க மருதப்பனுக்குத் தெரியாது. மேலே களத்து மேடுவரை பொம்மி பின்னால் எடுத்து இடம் விட நேரமில்லை.

இடது பக்கம் உண்ணிச்செடியும் சூரை முள்ளும் ஆள் உயரத்துக்கு அடைத்துக் கிடந்தன.

அவர் போய் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்தார். ஏற்றினார்.

சத்தம் கேட்டது. முதலில் மேல்பூச்சு லேக்கர். அடுத்து நீலம். அடுத்து பிரைமர். கடைசியில் தகரம். முப்பத்திரண்டு வருஷத்துக் காது, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னது. அவர் நிறுத்தவில்லை. பின் சக்கரம் பாதையை விட்டு இறங்கும்வரை ஏற்றினார்.

பொம்மியின் ஜீப் உரசிக்கொண்டே கடந்தது. ஜன்னல் பக்கத்தில் மகளின் முகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிற முகம்.

"அப்பா... வண்டி..." என்றாள்.

"போம்மா."

பொம்மி தலையை வெளியே நீட்டி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எடுத்துட்டு வந்துருங்க மாமா. நீங்கதான் எடுக்கணும்."

•

முள்ளிலிருந்து ஜீப்பை வெளியே எடுக்கவே அரை மணி ஆயிற்று. மேலே களத்து மேட்டில் திருப்பிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கினார். சேற்றில் புதைந்த தழையைக் கையால் இழுத்தார். பாதையை விட்டுத் தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டார். வெள்ளை வேட்டி என்ன நிறம் என்று சொல்ல முடியாமல் போனது.

எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டார். பேர் நினைவுக்கு வராத தெய்வத்தையும் கூப்பிட்டார்.

பட்டறைத் தெரு வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனார். கடைவாசலில் நின்றவர்கள் ஜீப்பைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி. பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் பொம்மி உட்கார்ந்திருந்தாள்.

மருதப்பன் எதிரே நின்றார்.

"ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. பொண்ணு" என்றாள் பொம்மி. "முதல்ல அழலீங்க. ரொம்ப நேரம் அழல. அப்புறம் அழுதுச்சு. ரெண்டு பேரும் பொழச்சுக்குவாங்கன்னு சொல்றாங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழுதார். வெட்கப்படாமல் அழுதார்.

பொம்மி அவரை அழ விட்டாள்.

உள்ளேயிருந்து நர்ஸம்மா எட்டிப் பார்த்தாள். "செண்பகத்தோட அப்பா யாருங்க? அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு. ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போங்க. செருப்ப வெளியில விட்டுருங்க."

மருதப்பன் முகத்தைத் துடைத்தார். செருப்பைக் கழற்றினார். கதவில் கை வைத்தார்.

"மாமா" என்றாள் பொம்மி. "தழைய எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன் அம்மணி."

"எல்லாம்?"

"எல்லாம். ஏழு."

பொம்மி விரல் மடக்கி எண்ணினாள். மனதுக்குள் பாதையை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"நான் இறங்கி வரும்போது எட்டு இருந்துச்சுங்க மாமா" என்றாள்.

உசில மரம். அரிவாளின் பதம் பார்த்த கிளை. அது சேற்றில் விழவில்லை, நுனி மட்டும் பாதையில் நீட்டிக்கொண்டு ஓரமாக விழுந்தது. அதன்மேல் சக்கரம் ஏறவும் இல்லை. ஏறியிருந்தால் நினைவு வந்திருக்கும்.

நாலரை மணிக்கு மேல்கூவைக்கு அரிசி வண்டி ஏறும். தழையைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடும்.

உள்ளே ஒரு குழந்தை அழுதது. மெலிசான குரல். எந்தக் குழந்தை என்று தெரியவில்லை.

"அப்பா வந்துட்டாரா?" என்று செண்பகம் கேட்பதும் கேட்டது.

மருதப்பன் கதவிலிருந்து கையை எடுத்தார்.

குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.