மூன்று யானைக்கு எத்தனை கால்?

முன்னொரு காலத்திலே மகிழஞ்சோலை நாட்டைக் கொடைவளவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். என்ன, காலையில் எழுந்ததும் ஒரு யோசனை வரும். பல் துலக்கி முடிப்பதற்குள் அது சட்டமாகிவிடும். அப்படித்தான் ஒரு நாள், "நாட்டில் ஏழு வயசுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே கணக்குப் பரீட்சை! தேறாதவர்கள் மறுபடியும் அதே வகுப்பு!" என்று முரசறையச் சொல்லிவிட்டார்.

கேள்வி போட்டவர் ஆஸ்தானக் கணக்குப் பண்டிதர் வாகீசர். தேசாந்தரம் போய்ப் புது முறை கற்று வந்தவர் என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வார். மந்திரி சடையனின் ஆசனத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

முடிவு வந்தது. பாதிப் பிள்ளைகள் தேறவில்லை. அரண்மனை முற்றத்தில் பெற்றோர் கூட்டம் நெரிந்தது.

உப்பு வியாபாரி மாசானம் மகனுடைய ஓலையைத் தூக்கிப் பிடித்தான். "மூணு யானைக்கு எத்தனை கால்னு கேள்வி. நாலு மூணு பன்னண்டுன்னு எழுதியிருக்கான் என் மவன். முட்டை போட்டுட்டாங்க சாமி! பன்னண்டு இல்லேன்னா பதிமூணா? அது எந்த ஊரு யானை?"

வாகீசர் மூக்கால் சிரித்தார். "ஹ்ம்ம்... விடை சரி. வழி தவறு. முதலில் யானை, பிறகுதான் கால். மூணு நாலு என்று எழுத வேண்டும். நாலு மூணு என்றால் நாலு யானை, ஒவ்வொன்றுக்கும் மூன்றே கால். நொண்டி யானைகளய்யா!"

"எம் பொண்ணு அதையும் சரியாத்தான் எழுதினா," என்றாள் தறிக்கார நாச்சியார். "யானைக்கு ஒண்ணா வட்டம் வட்டமா வரைஞ்சு காட்டலையாம், அதுக்கு முட்டை. ஏன் ஐயா, யானை என்ன தோசையா?"

மெதுவாகப் பேசியே பழக்கமில்லாத சேனாபதி முழங்கினார்: "எதிரியின் குதிரைப்படையை ஒரே பார்வையில் எண்ணினவன் நான்! நேற்று என் பிள்ளையோடு உட்கார்ந்தேன். இந்தப் புது முறையில் ஒரு மண்ணும் விளங்கவில்லை!" முழங்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாம படிச்சப்ப நமக்கெல்லாம் மணல்தானே," என்றான் மாசானம், குரல் இளகி. "விரலால எழுதுவோம். தப்பாப் போச்சுன்னா உள்ளங்கையால ஒரு தடவு. தப்பு இருந்த இடமே தெரியாது."

கூட்டத்தில் எல்லார் விரலும் அந்த மணலைத் தொட்டுவிட்டு வந்தது போலிருந்தது.

மாடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ராஜாவுக்கும் விரல் நுனி அரித்தது. அவர் வெளியே சொல்லாத கதை ஒன்று உண்டு. அவருடைய ஒரே மகள் செங்கமலத்துக்கும் முட்டைதான். தோழிகள் மேல்வகுப்புக்குப் போக, தான் மட்டும் பொடிசுகளோடு உட்கார வேண்டுமே என்று குழந்தை சாப்பாட்டைத் தொடவில்லை. சொல்லிக்கொடுக்கப் போன ராஜாவோ, பண்டிதரின் புது வழியைப் படித்துவிட்டுத் தலைவலி என்று நழுவிவிட்டார். இப்போது சட்டத்தை மாற்றினால் மகளுக்காக மாற்றினான் என்று ஊர் சிரிக்கும்.

"சடையா, ஏதாவது செய்யேன்," என்று மந்திரியின் காதைக் கடித்தார்.

"இவர்கள் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு விருந்து போடுங்கள் மகாராஜா. அதிரசம் இருக்கட்டும். பண்டிதருக்கு அதென்றால் உயிர்."

விருந்து மண்டபத்தில் அதிரசம் மணத்தது. முதல் ஆளாக வந்து உட்கார்ந்த வாகீசருக்கு முதல் இலையும் அதிரசமும் வந்துவிட்டன; நாக்கில் எச்சில். ராஜாவும் மற்றவர்களும் வந்து சேர்ந்தபோது சடையன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பண்டிதரே, சமையல்காரன் கத்துகிறான்! ஏழு வரிசை, வரிசைக்கு எட்டுப் பேர். எத்தனை இலை? சீக்கிரம், அதிரசம் ஆறுது!"

வாகீசர் கண்ணை மூடினார். அவர் உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. அந்த நாட்டில் வாய்ப்பாடு படித்த யாருக்கும் ஆடாமல் ஏழு வராது. முதலிலிருந்து பாடாமல் எட்டேழும் வராது.

"ஓரேழு ஏழு... ஈரேழு பதினாலு..."

"மூவேழு இருபத்தொண்ணு!" என்று மாசானம் தன்னை மறந்து சேர்ந்துகொண்டான். நாச்சியார் ஆடினாள். சேனாபதி ஆடினார், இடுப்பு வாளும் ஆடியது. பிரம்புக்குப் பயந்து கத்திய அதே குரல்கள், அதே இழுவை. ராஜாவும் ஆடினார், கிரீடம் காது வரை சரிந்ததைக் கவனிக்கவில்லை. "எட்டேழு ஐம்பத்தாறு!" என்று மண்டபமே அதிர்ந்தது.

வாகீசர் கண்ணைத் திறந்தார். "ஐம்பத்தாறு இலை," என்றார் பெருமையாக.

"விடை சரி," என்றார் சடையன், அச்சாக அதே மூக்குக் குரலில். "ஹ்ம்ம்... வழி தவறு. நான் கேட்டது ஏழு வரிசை, எட்டுப் பேர். நீர் பாடியது எட்டு வரிசை, ஏழு பேர். வட்டமும் வரையவில்லை. முட்டை! அதிரசத்தை எடுங்களடா!"

"ஐயோ, எப்படிப் பாடினாலும் ஐம்பத்தாறுதானே!" என்று பண்டிதர் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

கூட்டம் சிரித்த சிரிப்பில் விளக்குகள் நடுங்கின. ராஜா கிரீடத்தைச் சரிசெய்தார். "பண்டிதர் வாயாலேயே தீர்ப்பு வந்துவிட்டது. விடை சரியென்றால் எந்த வழியும் சரி. போட்ட முட்டைகள் செல்லாது. வாகீசரே, ஒரு வருஷம் பொடிசுகளோடு உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு பாடும்." தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையனுக்குப் போட்டார். சடையனோ பண்டிதரின் இலையைப் பார்த்தார். "அந்த அதிரசமும் கிடைத்தால்..."

ராஜா உள்ளே போய் மகளின் ஓலையை எடுத்தார். 'பன்னிரண்டு' என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

"வழியே எழுதலையே கண்ணு, எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நம்ம யானைங்கதானே அப்பா? சிங்காரிக்கு நாலு, பட்டத்து யானைக்கு நாலு, குட்டிக்கு நாலு. வெல்லம் குடுக்கப் போறப்பல்லாம் எண்ணுவேன். நீங்கதான் ஒரு நாளும் வந்ததில்லை."

ராஜா மறுநாள் விடிந்ததும் வெல்லக்கட்டியோடு யானைக் கொட்டிலில் நின்றார். "ஓர்நாலு நாலு, இருநாலு எட்டு..." என்று அவர் ஆட, செங்கமலமும் ஆடினாள். அதைப் பார்த்துக் குட்டியானையும் ஆடியது.

அன்று காலை ராஜாவுக்குப் புது யோசனை எதுவும் வரவில்லை. நாடு பிழைத்தது.