குதிரைக்குக் கண் திறந்த கை

ஒன்றியக் கலைக் கண்காட்சிக்கு ஆளுயர மண்குதிரை செய்து நிறுத்தியிருந்தாள் பூவாயி. ஒன்றியத் தலைவர் அங்கமுத்து அதன் கழுத்தில் தன் பெயரை எழுதி மாட்டிவிட்டார்.

“நான் செஞ்சதுன்னுதான் கலெக்டர்கிட்ட சொல்லுவேன். நீ மூச்சு விட்டே, இனிமே கம்மாயில ஒரு கூடை மண்ணு அள்ள முடியாது!”

“ஆகட்டுங்கய்யா.”

கலெக்டர் வந்தார். பூவாயி மைக்கிண்ணமும் தூரிகையுமாக வந்து தலைவரிடம் பணிவாக நீட்டினாள்.

“குதிரைக்கு இன்னும் கண்ணு திறக்கலைங்கய்யா. செஞ்ச கைதான் திறக்கணும், அதானே வழக்கம்?”

மேளம் முழங்கியது. தலைவர் தூரிகையை வாங்கி இரண்டு கண்களையும் வரைந்தார். குதிரையின் ஒரு கண் வானத்தைப் பார்த்தது, இன்னொன்று வாலைத் தேடியது. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது.

“நிஜமா செஞ்சது யாரு?” என்றார் கலெக்டர்.

பூவாயி மூச்சு விடவில்லை. ஈரத்துணியால் அந்தக் கண்களைத் துடைத்துவிட்டு, இரண்டே இழுப்பில் கண்ணைத் திறந்தாள். குதிரை தலைவரை நேருக்கு நேர் முறைத்தது.

முதலில் கண்ணைத் தாழ்த்தியது தலைவர்தான்.