ஒன்று வந்தால் ஒன்று போகணும்

"அரிசிக்கடை வெச்சவன் அழறான், துணிக்கடை வெச்சவன் அழறான். அவங்களுக்குக் கணக்கு எழுதறவன் மட்டும் வெத்திலை போட்டுக்கிட்டு சௌக்கியமா உட்கார்ந்திருக்கான்யா."

முடிதிருத்தும் கடையில் பக்கத்து நாற்காலிக்காரர் யாரிடமோ சொன்ன பேச்சு இது. விழுந்தது என்னவோ வைரக்கண்ணுவின் காதில். அவனுக்கு அப்போது இடது கன்னம் மட்டும் சிரைத்து முடிந்திருந்தது. வலது கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. துண்டை உதறிவிட்டு எழுந்து வீட்டைப் பார்த்து நடந்துவிட்டான்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவன் மனைவி செங்கமலம் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "உருப்படியா ஒரு தொழில் ஆரம்பிங்க. ஒரே ஒரு வாடிக்கையாவது ஒரு மாசம் ஓடிப்போகாம நிக்கட்டும். அன்னைக்கு வர்றேன்." அவள் போன பிறகு வீட்டில் சோறு குழைந்தது, குழம்பு தீய்ந்தது. வைரக்கண்ணு பாதி ஆளாகிவிட்டான். இப்போது முகத்திலும் அது தெரிந்தது.

சிநேகிதர்கள் கலியமூர்த்தியையும் நாகப்பனையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டான். கலியமூர்த்தி மூத்தவன், எதையும் யோசித்துத்தான் பேசுவான். நாகப்பன் பேசிவிட்டு யோசிப்பான். இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

"கணக்கு எழுதறதுன்னா என்ன தெரிஞ்சிருக்கணும்?" என்றான் நாகப்பன்.

"தெரிஞ்சவங்களைத் தெரிஞ்சிருக்கணும்," என்றான் கலியமூர்த்தி.

ஆகவே மூவரும் பேருந்து நிலையத்துக்குப் போய், ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆலைக் கணக்கர் ஒருவரை ஜன்னலோரம் பிடித்தார்கள். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "ஒண்ணு உள்ள வந்தா அதுக்கு ஈடா ஒண்ணு வெளிய போகணும்! எப்பவும் ரெண்டு பக்கமும் நேரா நிக்கணும்! நேராகலேன்னா தொழிலே போச்சு! அப்புறம்..."

அப்புறத்தைப் பேருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூவருக்கும் அதில் வருத்தமில்லை. கிடைத்ததே ஒரு தொழிலுக்குப் போதும் என்று பட்டது.

வைரக்கண்ணுவின் வீட்டு முன்கூடம் அலுவலகமாயிற்று. மேசை ஒன்று உள்ளே வந்தது. உடனே கட்டில் வெளியே போனது. நாற்காலி வந்தது, அம்மிக்கல் போனது. அதைத் தூக்கும்போது நாகப்பனின் முதுகு பிடித்துக்கொண்டது. "பிடிப்பு உள்ள வந்திருக்கு, ஈடா எது போச்சு?" என்று கலியமூர்த்தி கேட்டான். "உசிருண்ணே," என்றான் நாகப்பன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

தினமும் காலையில் கூட்டாளிகள் இருவரும் உள்ளே வரும்போது வைரக்கண்ணுவின் கோழிகள் இரண்டும் வெளியே விரட்டப்படும். சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பியதும் கோழிகள் உள்ளே வரும். இந்தக் கணக்கில் ஒருநாளும் சிக்கல் வந்ததில்லை. கோழிகளுக்கும் பழகிவிட்டது.

வைரக்கண்ணுவின் முகம்தான் ஒத்துவரவில்லை. வலது கன்னத்தைச் சிரைத்துவிட்டு வந்தான். அதற்குள் இடது கன்னத்தில் முளைத்துவிட்டது. இடதைச் சிரைத்தால் வலது. "விடாதே, ஒருநாள் நேராகும்," என்று கலியமூர்த்தி தைரியம் சொன்னான்.

முதல் வாடிக்கை சௌந்தரம் அம்மாள். கடைத்தெருவில் கல்யாணத்துக்கு அண்டா, கரண்டி, தாம்பாளம், ஜமுக்காளம் வாடகைக்கு விடுபவள். வாய் அப்படி என்று ஊரே ஒதுங்கிப்போகும். கணக்கு எழுத வந்த எவனும் அவளிடம் ஒரு வாரம் தாங்கியதில்லை. வேலையாட்கள் இருவர் ரசீதுச் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, அவள் படியேறினாள்.

அவள் உள்ளே கால் வைத்ததும் நாகப்பன் எழுந்து வெளியே போனான். முதல் வேலையாள் நுழைந்தான், கலியமூர்த்தி போனான். இரண்டாமவன் நுழைந்தான். வைரக்கண்ணு சௌந்தரம் அம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவனும் போனான்.

அலுவலகத்தில் வாடிக்கைக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். முதலாளிகள் மூவரும் வெயிலில், தெருவில், ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள்.

"என்னப்பா இது? நான் வந்தா எல்லாரும் வெளியே போறீங்க?"

"நீங்க வந்திருக்கீங்களேம்மா," என்றான் வைரக்கண்ணு பணிவாக. "நாங்க உள்ள இருந்தா நல்லாயிருக்குமா?"

சௌந்தரம் அம்மாள் மூவரையும் வரிசையாகப் பார்த்தாள். பிறகு வேலையாட்களிடம் திரும்பினாள். "பார்த்தீங்களாடா? போன கணக்கன் நான் வந்தா நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டான். இவங்க வீட்டை விட்டே எந்திரிச்சுப் போறாங்க. மரியாதைன்னா இது."

சாக்குகளை வைத்துவிட்டு அவர்கள் இறங்கினார்கள். மூவரும் உள்ளே வந்து சாக்குகளுக்கு ஈடாகத் தலையணைகளைத் தெருவில் எறிந்துவிட்டு எழுத உட்கார்ந்தார்கள்.

ஒரு கல்யாண வீட்டிலிருந்து கரண்டி ஒன்று கூடுதலாகத் திரும்பி, ரசீதுச் சாக்குக்குள்ளேயே கிடந்தது.

"போனதைவிட வந்தது அதிகமா இருந்தா, வந்ததுல தப்பு," என்றான் கலியமூர்த்தி.

"அப்ப வந்ததைப் போக்கணும்," என்றான் நாகப்பன். கரண்டியைக் கொண்டுபோய்க் குளத்தில் போட்டுவிட்டு வந்தான்.

மறுவாரம் கல்யாண வீட்டார் தங்கள் கரண்டியைத் தேடிக்கொண்டு கடைக்கு வந்தபோது, சௌந்தரம் அம்மாள் நோட்டை விரித்து அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டினாள். "எங்க கணக்குல ஒரு கரண்டி கூடவும் இல்ல, குறையவும் இல்ல!" அவர்கள் நோட்டைப் பார்த்தார்கள். ஒரு பிழை இல்லை. வீட்டிலேயே எங்கோ இருக்கும் என்று போய்விட்டார்கள்.

அடுத்து, கடைக்குப் போய்ச் சாமான்களைச் சரிபார்த்தபோது ஒரு அண்டா அடியில் பாயசத்தோடு திரும்பி வந்திருந்தது. இது பெரிய விவாதமாயிற்று.

"போனது காலி அண்டா. வந்தது பாயச அண்டா. காலி எங்கே?" என்று கேட்டான் நாகப்பன்.

"காலியைப் பாயசம் மூடியிருக்கு. எடுத்தா தெரியும்," என்றான் வைரக்கண்ணு.

எடுத்துக் குடித்தார்கள். காலி தெரிந்தது. ஆனால் இப்போது பாயசம் மூவருக்குள்ளும் வந்துவிட்டதே, ஈடாக எது வெளியே போவது என்று கலியமூர்த்தி கவலைப்பட்டான். பாயசம் முந்தின நாளுடையது. பொழுது சாய்வதற்குள் அந்தக் கணக்கு தானாகவே நேராகிவிட்டது.

இப்படியே மாதம் முடிந்தது. சௌந்தரம் அம்மாள் வேலையாட்களோடு வந்து சம்பளத்தை மேசைமேல் வைத்தாள். வழக்கம்போல் தெருவில் நின்றபடி மூவரும் ஜன்னல் வழியே அதைப் பார்த்தார்கள்.

"பணம் உள்ள வந்திருச்சு," என்று முணுமுணுத்தான் வைரக்கண்ணு.

"பணத்துக்கு ஈடா என்ன இருக்கு? கோழி போதாது," என்றான் நாகப்பன்.

கலியமூர்த்தி கண்ணை மூடி யோசித்தான். "பணத்துக்கு ஈடு பணந்தான். அதே அளவு பணம் வேற எங்க இருக்கு? அதுலதான் இருக்கு."

அவள் படி இறங்கியதும் வைரக்கண்ணு உள்ளே ஓடி அந்தப் பணத்தை எடுத்து வந்து, அவள் கையிலேயே வைத்து, "இப்பத்தாம்மா நேராச்சு," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நோட்டின் இரண்டு பக்கமும் அவ்வளவு அழகாக அன்றுவரை நின்றதில்லை.

சௌந்தரம் அம்மாளுக்கும் கண் கலங்கிவிட்டது. "முதல் மாசக் கூலியைத் தொடமாட்டேன்னுட்டான்டி! இந்தக் காலத்துல இப்படியும் ஒருத்தன்!" என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னாள். அடுத்த ஊர்ச் சீமந்தத்துக்குத் தாம்பாளம் இறக்கிய இடத்திலும் சொன்னாள். அந்தச் சீமந்தத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தாள் செங்கமலம்.

மறுநாள் சாயங்காலம் அவள் தகரப் பெட்டியோடு வந்து நின்றாள். கூட்டாளிகள் கிளம்பிப் போயிருந்தார்கள். கோழிகள் உள்ளே வந்திருந்தன. நோட்டு மூடும் நேரம்.

"கட்டில் ஏன் தெருவுல கிடக்கு?" என்றாள். "அம்மி ஏன் புழுதியில கிடக்கு? மூஞ்சி என்ன ஒரு பக்கம் மட்டும்?"

"நேராயிட்டே இருக்கு," என்றான் வைரக்கண்ணு. சந்தோஷத்தில் அவனுக்கு வாய் குழறியது. அவள் வாசல்படியில் கால் வைத்ததும் குழறல் நின்றது. "நில்லு! நில்லு! நோட்டைப் பார்த்துக்கறேன்."

பக்கம் பக்கமாகப் புரட்டினான். அவள் போனது தொழில் ஆரம்பிப்பதற்கு முன்னால். எங்குமே எழுதியிருக்கவில்லை.

"செங்கமலம், நீ போனதாவே கணக்குல இல்ல. போகாதவ எப்படித் திரும்பி வருவே?"

"போகாமத்தான் எங்க அம்மா வீட்டுச் சோத்தை இத்தனை நாளா தின்னேனா? தள்ளுங்க!"

அவனை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். வைரக்கண்ணு வரவில் எழுதினான்: செங்கமலம், பெட்டியுடன்.

பெட்டிக்கு ஈடாக நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தான். அவளுக்கு? கோழிகள் கூட்டாளிகளின் கணக்கில் போய்விட்டன. மேசையைப் பார்த்தான். செங்கமலத்துக்கு மேசை ஈடு என்று எழுதினால் நோட்டு பொய்யாகும். அதை அவள் படித்தால் வேறு ஏதாவது ஆகும். கூடத்தையும் அடுக்களையையும் மூலைமூலையாகத் தேடினான். அவளுக்கு ஈடாக அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை. தேடித் தேடி, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதுவும் அவளுக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் எழுதலாம்.

எழுதினான். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போய், தெருவில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் நேராக நின்றன.

அடுக்களையில் தாளிக்கும் வாசனை வந்தது. சற்று நேரத்தில் செங்கமலம் ஜன்னலுக்கு வந்தாள்.

"சாப்பிட உள்ள வரப்போறீங்களா, இல்லையா?"

"நீ வெளிய வந்தா நான் உள்ள வர்றேன்."

அவள் அவனைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். அம்மிக்கல்லைப் பார்த்தாள். பிறகு சோற்றுத் தட்டை ஜன்னல் கம்பிகளுக்கிடையே சாய்த்து வெளியே நீட்டினாள்.

வைரக்கண்ணு இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கட்டிலில் வைத்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, கம்பி வழியாக உள்ளே நீட்டினான்.