மாமன் மடி

"உசுரை வெட்டுற இடத்துல போய் நான் எப்படிம்மா உக்காருவேன்?" என்று கேட்டார் சங்கிலி.

உமையாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு கூப்பிட்டா?"

"என் தங்கச்சி. மத்தியானம் நேர்லயே வர்றாளாம்."

"அப்ப உலையில ஒரு ஆளுக்குக் கூடப் போடச் சொல்லு."

அவ்வளவுதான் பதில்.

எங்கள் மடம் சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. உமையாள் அம்மாதான் குரு. சங்கிலியைவிட வயதில் சின்னவர். கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டவர். மோர் கிடைக்குமா என்று ஆசையாக வருகிறவர்கள் ரசத்தைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

சங்கிலி பரோட்டாக் கடையில் பாதி ஆயுசு சால்னா கிண்டியவர். ஒருநாள் ஆடு அறுக்கிற ஆட்டுத்தொட்டியில் எதையோ பார்த்துவிட்டு, போட்ட சட்டையோடு கிளம்பி வந்துவிட்டார். என்ன பார்த்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை. தூக்கத்தில் சில நேரம் அலறுவார்.

அந்த மனுஷனுடைய இரக்கம் பொய் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பசி என்று வருகிறவரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது மடத்துப் பழக்கம். பந்தி சங்கிலியின் கைக்கு வந்த பிறகு ஒரே ஒரு கேள்வி வந்து சேர்ந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

கறி, மீன் என்று உண்மையைச் சொன்னவர்களுக்கு வெளியே இலை. பொய் சொன்னவர்களுக்கு உள்ளே இலை. கொஞ்ச நாளில் எல்லாருமே உள்ளே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

ஊரே திருந்திவிட்டது என்று சங்கிலிக்கு ஒரே சந்தோஷம்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம் உண்டு.

மத்தியானம் வீராயி வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அண்ணனைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"எப்படிண்ணே இருக்க? இப்படி மெலிஞ்சு போயிட்டியே!"

சங்கிலி கையை விடுவித்துக்கொண்டார்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"கருவாட்டுக் குழம்பு. அவசரத்துல ரெண்டு வாய் அள்ளிப் போட்டுட்டு ஓடியாந்தேன்."

"அப்ப உள்ள வராத. அங்க இரு."

கிணற்றடியில் துணி துவைக்கிற கல் இருக்கிறது. அதன் பக்கத்தில் இலையைப் போட்டார்.

வீராயி போய் உட்கார்ந்தாள்.

உமையாள் அம்மா உள்ளே போட்டிருந்த தன் இலையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு வந்து, வீராயிக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அங்க ஈரம்!" என்று பதறினார் சங்கிலி.

"ஆமா. இவளுக்கும்தான் ஈரம். குழம்பு ஊத்து."

சங்கிலி ஊற்றினார். விருந்தாளிக்கு அம்மா மரியாதை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார். சில பேருக்கு முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாலும் ஏறாது.

சாப்பிட்டுக்கொண்டே வீராயி விஷயத்தைச் சொன்னாள்.

அவளுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளை தங்கவில்லை. தங்கியதெல்லாம் கலைந்துபோனது. கடைசியில், "ஒண்ணே ஒண்ணு கொடு, உனக்குக் கிடா வெட்டுறேன்" என்று குலசாமி கருப்பனிடம் நேர்ந்துகொண்டாள். பெண் பிறந்தது. சாமி பேரையே வைத்துக் கருப்பழகி என்று கூப்பிட்டார்கள்.

முதல் மொட்டை போட்டுக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். மாமனோ மடத்தில் இருக்கிறார். அவர் வரட்டும், வரட்டும் என்று பிள்ளைக்கு அஞ்சாவது வயது நடக்கிறது.

"இன்னும் மொட்டை போடலண்ணே. சடையப் போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போகுது. தோட்டுக்கு உயிரை விடுது. நீ வந்து ஒரு நாழி உக்காந்தாப் போதும்."

"கிடா வெட்டுவீங்கள்ல?"

"நேர்ந்தது ஆச்சேண்ணே."

"வெட்டினா வர மாட்டேன்."

வீராயி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"சாமி குத்தம் ஆயிரும்ணே. எத்தனை பிள்ளையப் பறிகொடுத்தேன்னு உனக்குத் தெரியாதா? இதுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலே ராத்திரி பூரா மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே கிடக்கேன்."

"ஒரு உசுருக்கு இன்னொரு உசுரைக் கேக்கிறது என்ன சாமி?"

"நம்ம சாமிதான். நீயும் கும்பிட்ட சாமிதான்."

"அப்ப எனக்குப் புத்தி இல்ல."

"அம்மாவும் அப்பாவும் போனப்புறம் என்னை யாருண்ணே வளர்த்தா? கடையில மிஞ்சின சால்னாவ நீ தூக்குவாளியில கொண்டாந்து ஊட்டினதுல வளர்ந்த உடம்பு இது."

"அந்தப் பாவத்தைத்தான் இங்க கழுவிக்கிட்டிருக்கேன்."

"அப்ப நான் பாவமாண்ணே?"

சங்கிலி ரசவாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அழுதால் சோறு இறங்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் தின்று முடித்தாள் அவள். இலையை எடுக்கும்போது அம்மா அவள் கையைப் பிடித்தார்.

"வெட்டாம இருக்க முடியுமா, தாயி?"

"நீங்களுமாம்மா?"

"நானும்தான். அந்தக் கிடாயும் ஒரு தாய்க்குப் பிறந்ததுதானே? ஆனா உன் பிள்ளை, உன் பயம். முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. நான் இவனை எப்படியாவது அனுப்பி வைக்கிறேன்."

வீராயி இலையைக் கொண்டுபோய்ப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள்.

"கேட்டுப் பாக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துப் போன் வந்தது.

கொத்துப் பரோட்டாச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் சங்கிலிக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அடுக்களையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணே! கிடாய அவுத்து விட்டுட்டோம்!"

"என்னது?"

"வெட்டலண்ணே. கோயில்லயே விட்டுட்டோம். அது பாட்டுக்கு மேயுது. என் மாமியா என்கூடப் பேசறதில்ல. பங்காளிங்க யாரும் விசேஷத்துக்கு வர மாட்டாங்களாம். போகட்டும். கருப்பன் காலைக் கட்டிக்கிட்டு அழுதேன். குத்தம் இருந்தா என்னையக் கேளு, பிள்ளையத் தொட்டுராதன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சங்கிலியின் கண் கலங்கிவிட்டது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா தலையை ஆட்டினார். "ஒரு உசுரு பிழைச்சுது. உன்னாலயும் அவளாலயும். போயிட்டு வாய்யா."

"வர்றேன் வீராயி. கட்டாயம் வர்றேன்."

"இருண்ணே, பிள்ளை பேசணுங்குது."

போனில் புஸ்புஸ் என்று மூச்சுச் சத்தம். பிறகு குரல்.

"மாமா, எனக்குத் தோடு வாங்கிட்டியா?"

சங்கிலி சிரித்தார். அந்த முகத்தில் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வாங்கிருவோம்டா தங்கம். கல்லு வச்சது வேணுமா, முத்து வச்சது வேணுமா?"

"ரெண்டும்."

"அடி கள்ளி! சாப்பிட்டியா?"

"ம்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எத்தனை பந்தியில் கேட்டுக் கேட்டு ஊறிப்போன வாய். தானாகவே கேட்டுவிட்டது.

"என்ன சாப்பிட்ட?"

"ஈரல்! அம்மா வறுத்துக் கொடுத்துச்சு. உனக்கும் எடுத்து வைக்கவா மாமா?"

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அதை யாரும் இறக்கவில்லை.

"அம்மாகிட்டக் கொடு" என்றார் சங்கிலி.

"என்னண்ணே?"

"கிடாயை விட்டுட்டேன்னு சொன்ன. வீட்டுல கறி ஆக்கிறது நிக்கலையா?"

"பிள்ளை இளைச்சிருக்குன்னு டாக்டரு கொடுக்கச் சொன்னாருண்ணே."

"பிள்ளைக்கு ஒரு வருஷம் கறி, மீன் எதுவும் கொடுக்காத. உடம்பு சுத்தமாகட்டும். அப்புறம் பாக்கலாம்."

"நாள் குறிச்சாச்சேண்ணே!"

"ஈரல் தின்ன பிள்ளையை நான் எப்படி மடியில வைப்பேன்?"

அந்தப் பக்கமும் ஸ்பீக்கர் போட்டிருந்ததோ என்னவோ, சின்னக் குரல் ஒன்று, "மாமா ஏன்மா திட்டுது?" என்று கேட்டது. போன் வைக்கப்பட்டது.

சங்கிலி அம்மாவிடம் வந்தார்.

"நான் சொன்னது தப்பாம்மா?"

"கறி தின்ன வேண்டாங்கிறதா? அது தப்பில்லை."

"அப்ப நான் சரிதானே?"

"அந்தப் பிள்ளை, உனக்கும் எடுத்து வைக்கவான்னு கேட்டுச்சே. அதுக்கு என்ன பதில் சொன்ன?"

"சொல்லலம்மா."

"போய்ச் சொல்லிட்டு வா."

"வேண்டாம்னு சொல்லவா? அதுக்காகவா அவ்வளவு தூரம்?"

"ஆமா. அதுக்காகத்தான்."

அவர் போகவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க, சுத்தமாக இருந்த கரண்டிகளையே திரும்பத் திரும்பப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் புளியை அவர் தலையிலேயே கொட்டியிருப்பேன். ஆனால் அன்று ராத்திரி அவர் சாப்பிடாமலே படுத்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

விசேஷத்துக்கு முதல் நாள் வீராயி வந்தாள்.

வாசலிலேயே நின்றாள். படி ஏறவில்லை.

சங்கிலி கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

"உள்ள வா வீராயி. நல்ல நேரத்துக்கு வந்த. உக்காரு, இலை போடுறேன்."

"வேண்டாம்ணே."

"நான் ஒண்ணும் கேக்கல. என்ன சாப்பிட்டன்னு கேக்கல. வா."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒண்ணு கேக்கணும்னு வந்தேன்."

"கேளு."

"உன் போட்டோ ஒண்ணு வேணும்."

"போட்டோவா? எதுக்கு?"

"காது குத்துக்கு. மாமன் செத்துப்போன பிள்ளைக்கு, நம்ம பக்கம் போட்டோவை மணையில வச்சு, மாலையப் போட்டு, அதுக்கு முன்னால உக்கார வச்சுத்தானே குத்துவாங்க?"

"நான் உசுரோட இருக்கேனே வீராயி."

"இருக்கண்ணே. எனக்குத் தெரியுது." அவள் குரல் உயரவே இல்லை. "பிள்ளை நாளெல்லாம் கேக்குது. மாமா ஏன் வராது, நான் என்ன பண்ணினேன்னு கேக்குது. ஈரல் தின்னதாலயாம்மான்னு கேட்டு, தின்னதைத் தொண்டையில விரலை விட்டு வாந்தி எடுக்கப் பாத்துச்சுண்ணே. அஞ்சு வயசுப் பிள்ளை. நான் என்ன சொல்வேன்? மாமா செத்துட்டாருன்னு சொல்லிட்டேன். செத்துட்டாருன்னா ஒரு நாள் அழும். அப்புறம் மறந்துரும்."

சங்கிலி திரும்பினார். உமையாள் அம்மா அங்கே நின்றிருந்தார். அவர் எப்போது வந்தார் என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"அம்மா, பாருங்கம்மா. இவ என்னைச் சாகடிச்சுட்டாம்மா! என்ன வாயி இது! நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

அம்மா உள்ளே போனார்.

திரும்பி வரும்போது கையில் ஒரு படம் இருந்தது. போன வருஷம் பந்தியில் யாரோ எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தது. சங்கிலி கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றுகொண்டிருப்பார்.

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். வீராயியிடம் கொடுத்தார்.

வீராயி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். எங்கள் முன்னால் முதல் தடவையாக அப்போதுதான் அழுதாள்.

"பூமாலைதானே தாயி போடுவீங்க?" என்று கேட்டார் அம்மா.

"ஆமாம்மா. மல்லிகையும் துளசியும்."

அம்மா சங்கிலியின் பக்கம் திரும்பினார்.

"பூமாலைதானாம்யா. எந்த உசுரையும் வெட்டலயாம். உனக்குச் சம்மதம்தானே?"