ஒரு திருப்புளி, மூன்று திருப்புளி

கோவை கணபதிப் பக்கம் மூன்று லேத் பட்டறைக்காரர்கள். இருபது வருஷமாக ஒருத்தர் ஆர்டரை ஒருத்தர் தட்டிப் பறித்துப் பிழைத்த மகானுபாவர்கள். விமான உதிரிபாக வேலை தனித்தனியாகப் போனால் கிடைக்காது என்றதும் கூட்டுச் சேர்ந்தார்கள். பாலிடெக்னிக் ஒரு கொட்டகை கொடுத்தது. தொழில் பழகப் பன்னிரண்டு பிள்ளைகளையும் அனுப்பியது.

குரு மாதங்கிக்கு வயது இருபத்தெட்டு. விமானத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் இருந்தவள். சீடர்களில் மூத்தவர் அந்த மூன்று முதலாளிகளில் ஒருவரான ஐம்பத்தாறு வயது சுப்பையன், பம்பு வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

அன்று மத்தியானம் முதல் லோடு போக வேண்டும். போகாவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்கு.

காலையில் மாதங்கி கருவிப் பலகையை எண்ணினாள். "சின்னத் திருப்புளியைக் காணோம். கிடைக்கிற வரைக்கும் ஒரு பெட்டியும் வெளியே போகாது."

விமான இறக்கைக்குள் உட்காரும் அலுமினியப் பெட்டிகள் அவை; உள்ளே ஒரு கருவி கிடந்தால் விமானத்துக்கே ஆபத்து. நாலாம் நம்பர் பெட்டியை நேற்று மூடியது சுப்பையன்தான். உள்ளே என்னவோ உருண்ட சத்தம் கேட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இந்தப் பொடிசுகள் முன்னால் இதைச் சொல்வதா? மானம் போய்விடாதா?

டீ நேரத்தில் மூன்று முதலாளிகளும் ஆளுக்கொரு திசையில் கிளம்பிப் போய்த் திரும்பினார்கள்.

"கிடைச்சிருச்சுங்க!" மெஷினுக்கு அடியிலிருந்து இரண்டாவது முதலாளி ராஜகோபால்.

"இங்க கிடக்குதுங்க!" கழிப்பறைப் பக்கமிருந்து மூன்றாமவர் லூர்துசாமி.

அதற்குள் சுப்பையன் தன்னுடையதைப் பலகையில் மாட்டிவிட்டு நின்றார். மூன்றும் புத்தம் புதுசு. லூர்துசாமி பாலித்தீன் உறையைக்கூடக் கழற்றவில்லை. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"தொலைஞ்சது ஒண்ணு, கிடைச்சது மூணு. பரவாயில்லையே," என்றாள் மாதங்கி.

சுப்பையனுக்குச் சுருக்கென்றது. "கூட்டுச் சேர்ந்த ஆறு மாசத்துல இன்னைக்குத்தானுங்க மூணு பேரும் ஒரே மாதிரி யோசிச்சிருக்கோம். அதுவும் தப்புங்களா?"

"தேடுங்கண்ணா."

"பலகைதான் நிறைஞ்சிருச்சே அம்மிணி! இன்னும் என்னத்தைத் தேடறது?"

"‘நான்தான் தொலைச்சேன்’னு சொல்ற ஆளைத் தேடறேனுங்கண்ணா. அந்தச் சரக்கு கடையில விக்கறதில்லை."

வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

சுப்பையன் பன்னிரண்டு பிள்ளைகளையும் ஒருமுறை பார்த்தார்.

"நாலாம் நம்பரைப் பிரிங்க," என்றார். "நான்தானுங்க."