பங்களா ஜன்னலில் சிக்னல்

தேயிலை எஸ்டேட் மேனேஜர் புரந்தரனுக்குத் திடீரென்று நவீன ஆசை வந்துவிட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் முப்பது பேரையும் வரிசையாக நிறுத்தினார்.

"இனிமே காலையில ஏழு மணிக்குள்ள அவங்கவங்க போன்ல தன்னைத்தானே படம் எடுத்துத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பணும். படம் வரலேன்னா ஆப்சென்ட்."

"மலையில டவர் கிடைக்காதே ஐயா" என்றாள் சந்தனமேரி.

"ஆளுக்கொரு போன் வாங்கத் தெரியுதுல்ல? சிக்னல் எங்க இருக்கோ அங்க போய் அனுப்பு!"

மூன்று நாள் மழையில் நனைந்து கொழுந்து பறித்தும் முப்பது பேரும் ஆப்சென்ட்.

நாலாம் நாள் காலை ஆறரைக்கு, வாயில் பற்பசை நுரையோடு புரந்தரன் படுக்கையறை ஜன்னலைத் திறந்தார். வெளியே முப்பது பெண்கள், முப்பது போன்கள்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"நீங்கதானே ஐயா சொன்னீங்க? இந்த மலையிலேயே சிக்னல் உங்க ஜன்னல்கிட்ட மட்டுந்தான் இருக்கு" என்று சந்தனமேரி பணிவாகச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று தன்னைப் படமெடுத்து அனுப்பினாள்.

ஒன்பது மணிக்குத் தலைமை ஆபீஸிலிருந்து பெரிய அதிகாரியே கூப்பிட்டார்.

"மலை முழுக்க சிக்னல் இருக்குன்னு எழுதினீங்களே? முப்பது படமும் உங்க பங்களாவிலிருந்து வந்திருக்கு. எல்லாத்துலயும் பின்னால ஒருத்தர் பனியனோட பல் விளக்குறார். யார் அது?"

புரந்தரன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

ஆப்சென்ட் போட்ட மூன்று நாளும் அன்றைக்கே திரும்பக் கிடைத்தன. மறுநாளிலிருந்து மேனேஜரே வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு, காலில் அட்டை ஏற ஏற, ஏழு மணிக்குள் மலையேறிப் பெயர் கூப்பிட்டார்.

"உள்ளேன் ஐயா!" என்றாள் சந்தனமேரி, எல்லாரையும்விடச் சத்தமாக.