நாற்றம் வந்ததும் வா

இசக்கிராஜா கலக்கிற பசை ஒட்டினால் ஒட்டினதுதான். சங்கரன்கோவிலில் அவன் அப்பாவுக்கு ஹார்ட்வேர்ஸ் கடை. மற்ற பிள்ளைகள் பொம்மையோடு வளர்ந்தார்கள் என்றால் இவன் பசை டப்பாவோடு வளர்ந்தான். மீன்வளம் படித்துவிட்டு, கடலோரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது அந்த ஞானத்தையும் கையோடு கொண்டுவந்தான்.

அவனுடைய ஆய்வு நீலக்கால் நண்டைப் பற்றியது. நண்டின் முதுகில் எண் போட்ட சின்னப் பிளாஸ்டிக் வில்லையை ஒட்டிக் கடலில் விட வேண்டும். பிறகு அது எந்த இடத்தில் யார் வலையில் மாட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நண்டின் போக்குவரத்து தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் எப்போது வலை போடாமல் விட்டுவைக்கலாம் என்று சொல்ல முடியும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "எல்லாத்துக்கும் நம்ம பசைதானடே" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

வழிகாட்டி பேராசிரியர் நசீமா பானு, கீழக்கரைக்காரர். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் பாதி கேள்வியாகத்தான் இருக்கும்.

"இந்தப் பசை உப்புத் தண்ணியில தாங்குமா?"

"உசுரு போனாலும் விடாது மேடம்."

"அப்படியா? என் பேர்ப்பலகை காத்துல விழுந்து விழுந்து கிடக்கு. மொதல்ல அதைக் கதவுல ஒட்டு, பாப்போம்."

ஒட்டினான். மறுநாள் அவர் பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கதவுதான் ஆடியது. "நல்ல பசை" என்றார்.

அதே வாரம் அவர் ஆய்வுக் கப்பலில் கிளம்பினார். திரும்பிவரச் சில மாதம் ஆகும். போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "நல்லா முத்தின நண்டாப் பாத்து ஒட்டு."

இசக்கிராஜாவும் முத்தின நண்டைத்தான் முதலில் எடுத்தான். அது அவன் கட்டைவிரலைக் கவ்வியது. இன்னொன்று சுண்டுவிரலை. மூன்றாவதைப் பார்த்தபோதே அவனுக்குக் கை கூசியது. வாளியில் குட்டி நண்டுகள் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தன. நண்டு நண்டுதானே, எண்தானே முக்கியம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். குட்டிகளாகப் பொறுக்கி, சுத்தமாகத் துடைத்து, அழகாக ஒட்டிக் கடலில் விட்டான்.

கரையோர ஊர்களில் எல்லாம் நோட்டீஸ் ஒட்டினான். 'எண் உள்ள துண்டை மட்டும் கொண்டுவந்தால் போதும், எவர்சில்வர் தூக்குச்சட்டி பரிசு.' அந்த நோட்டீஸ்கள் இன்றைக்கும் உரியவில்லை.

பிறகு எண்கள் வர ஆரம்பித்தன. ஒன்றுகூட வலையில் மாட்டி வரவில்லை.

"எங்க கெடச்சுதுக்கா?"

"முத்தரையன்வலசைக் கரையில தம்பி. ஓடாக் கெடந்துச்சு. ஒடச்சு எடுத்தாந்தேன்."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கு அடுத்தவரும். தூக்குச்சட்டி போகப் போக இசக்கிராஜாவின் முகம் தொங்கியது. ஆய்வுக்கூடத்துச் சுவரில் கடற்கரையின் வரைபடம் ஒன்று மாட்டியிருந்தான். கிடைத்த ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டான். நாளாக நாளாக அது சுடுகாட்டுக் கணக்கு மாதிரி ஆயிற்று.

பசைதான் விஷமாகிவிட்டது என்று முடிவு கட்டினான். கடலைக் காப்பாற்றப் போகிறேன் என்று வந்தவன், வாளி வாளியாகக் குஞ்சு நண்டைக் கொன்றிருக்கிறான். மெஸ்ஸில் நண்டுக் குழம்பு வைத்த அன்று எழுந்து வெளியே போய்விட்டான். பக்கத்து மேசையில் சங்கு ஆராய்ச்சி செய்யும் ரெக்ஸிலின், "வேணாம்னா எனக்கு ஊத்தச் சொல்லிட்டுப் போ" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

போதாக்குறைக்கு ஊரிலிருந்து தங்கையின் கல்யாணப் பத்திரிகை வந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும் முனைவர் ச. இசக்கிராஜா' என்று தங்க எழுத்தில் அடித்திருந்தார் அப்பா. கல்யாணத்துக்குள்ளே பட்டம் வந்துவிடும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. இதற்கிடையில் இறால் தீவனக் கம்பெனி ஒன்று அவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது. குழுவின் முன்னால் நின்று என்ன சொல்வது? கொன்றுவிட்டேன் என்றா?

திங்கட்கிழமை அவனே முத்தரையன்வலசைக்குப் போனான். ஒதுங்கிக் கிடந்த கடற்புல்லுக்கு நடுவே ஒரு நண்டு முழுசாகக் கிடந்தது. காலும் கொடுக்கும் கண்ணும் அப்படியே இருந்தன. முதுகில் அவன் ஒட்டிய எண், ஒரு ஓரம்கூடப் பெயராமல் இருந்தது. அதைக் கேரி பேக்கில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான்.

நசீமா பானு அன்றுதான் கப்பலிலிருந்து திரும்பியிருந்தார். அவர் அறைக் கதவைக் கரையான் அரித்திருந்தது. தச்சர் வந்து அளவெடுத்துக்கொண்டிருந்தார். அவர் நகரும்வரை காத்திருந்து உள்ளே போனான் இசக்கிராஜா.

"மேடம், நான் இதை விட்டுறலாம்னு இருக்கேன்."

"எதை?"

"ஆராய்ச்சியை. இதுக்கு நான் லாயக்கில்ல."

நண்டை மேசைமேல் வைத்தான். நடந்ததை எல்லாம் சொன்னான். குட்டி நண்டாகப் பொறுக்கியதையும் தீவனக் கம்பெனி கூப்பிட்டதையும் மறைக்கவில்லை. அவர் மேசையில் குவிந்திருந்த தபால்களைப் பிரித்துக்கொண்டே கேட்டார். குட்டி நண்டு என்றதும் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். நண்டைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, திரும்ப அவனிடமே கொடுத்தார்.

"தீவனக் கம்பெனிக்கு எப்ப பதில் சொல்லணும்?"

"சனிக்கிழமை."

"சரி. இதைக் கொண்டுபோய் உன் மேசையில வை. ஃபிரிட்ஜ்ல வைக்காதே, மருந்துல போடாதே."

"வச்சு?"

"நாற்றம் வந்ததும் வா. நானே கையெழுத்துப் போட்டு அனுப்பி வைக்கிறேன்."

இசக்கிராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்டனை என்று நினைத்துக்கொண்டான். செய்த கொலையின் நாற்றத்தை முகர்ந்துவிட்டுப் போ என்கிறார் போல. அதுவும் நியாயம்தான் என்று பட்டது.

செத்த நண்டு ஒரு நாள் தாங்காது. கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கைக்குட்டையும் மூக்குமாக ஆய்வுக்கூடத்துக்கு வந்தான். ரெக்ஸிலின் ஊதுவத்தி கொளுத்தத் தயாராக இருந்தாள்.

"ஏல, ஆரம்பிச்சுட்டா?"

"இன்னும் இல்ல."

"சாயங்காலம் கௌம்பிரும். நான் ஜன்னலோரமா மாறிக்கிடுதேன்."

சாயங்காலமும் கிளம்பவில்லை. புதன்கிழமை இருவரும் மாறி மாறி முகர்ந்து பார்த்தார்கள். லேசாகக் கடல் வாசனை, அவ்வளவுதான். தரையைப் பெருக்க வந்த அம்மாள்கூட ஒன்றும் சொல்லவில்லை. மேல்மாடியில் மீன் வறுத்தால் கீழே கதவைச் சாத்துகிற ஆள் அவர்.

"நீ என்ன பசையைத்தான் ஒட்டின?" என்று கேட்டாள் ரெக்ஸிலின். "நாத்தத்தையும் சேத்து ஒட்டிட்டியா?"

வியாழக்கிழமை மின்சாரம் போய் வந்தது. வந்த வேகத்தில் மேசை மின்விசிறி முழு மூச்சாகச் சுழன்றது. இசக்கிராஜா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நண்டு மேசைமேல் நகர்ந்தது.

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். நண்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்து, விளிம்புக்கு வந்து, கீழே விழுந்தது. சத்தமே இல்லை.

குனிந்து எடுத்தான். நான்கு நாளாக அதைக் கையில் எடுத்து எடுத்து முகர்ந்தவன், அது கனக்கவே இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தான். மூக்கு வேலை செய்த நேரத்தில் கை சும்மா இருந்திருக்கிறது. விழுந்ததில் பின்பக்கத்து மடிப்பு விலகி, முதுகு ஓடு டிபன் பாக்ஸ் மூடி மாதிரி திறந்துகொண்டது. உள்ளே சதை இல்லை. ரத்தம் இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கண்ணுக்கு மேலிருந்த மெல்லிய உறைகூட அப்படியே இருந்தது. அதற்குள் கண் இல்லை.

இசக்கிராஜா தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நண்டு செத்து விட்டுப்போன உடல் இல்லை இது. பத்தாமல் போன சட்டையை உருவிப் போட்டுவிட்டு, பெரிதாகி, நடந்து போயிருக்கிறது. முத்தின நண்டு எப்போதாவதுதான் ஓட்டை மாற்றும். குட்டி நண்டு வளர வளர மாற்றிக்கொண்டே இருக்கும். முதலாண்டுப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறான்.

சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ரெக்ஸிலின் ஓடிவந்து, "தண்ணி குடிடே, தண்ணி குடி" என்றாள். திறந்த ஓட்டை அவளிடம் நீட்டினான். அவள் உள்ளே பார்த்தாள். பிறகு அவளும் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

சிரித்து ஓய்ந்து நிமிர்ந்தபோது சுவரில் இருந்த வரைபடம் கண்ணில் பட்டது. சிரிப்பு நின்றது. நண்டுகளை அவன் ஏழெட்டு ஊர்களில் விட்டிருந்தான். சிவப்புக் குறிகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே இடத்தில் குவிந்திருந்தன. முத்தரையன்வலசைக்கு எதிரே, கடற்புல் மண்டிய வளைவு. ஓடு கழற்றிய நண்டு வெண்ணெய் மாதிரி இருக்கும். எந்த மீனும் ஒரே வாயில் விழுங்கிவிடும். அந்த நேரத்தில் ஒளிந்துகொள்ள அதற்கு ஓர் இடம் வேண்டும்.

வரைபடத்தைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடினான்.

நசீமா பானுவின் அறைவாசலில் கதவே இல்லை. தச்சர் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை இழைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

"மேடம், நாறவே இல்ல."

"நாறலைன்னா?"

"சாகல. வளந்துருக்கு."

"ஒண்ணா?"

"எல்லாமே மேடம். எல்லாமே. புல்லுக்குள்ள போய் ஓட்டைக் கழத்திப் போட்டுட்டு வளந்துருக்கு. நான்தான் இழவு கொண்டாடிட்டு இருந்திருக்கேன்."

வரைபடத்தை மேசைமேல் விரித்தான். நசீமா பானு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. கப்பலில் பல மாதம் உப்புக்காற்றில் காய்ந்துபோன முகம் அது.

"இந்தப் புல்லுல தரையோட வாருற அடிமடி வலையை இழுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"அடுத்த வருசம் நண்டு இருக்காது."

"அப்ப நாளைக்குக் குழுவுக்கு என்ன சொல்லப் போறே?"

"இதைத்தான்."

வெள்ளிக்கிழமை அதைத்தான் சொன்னான். குட்டி நண்டைப் பொறுக்கிய கதையிலிருந்து தொடங்கினான். குழுத் தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நண்டு எங்கெங்கே போகுதுன்னு கேட்டோம். எங்கே வளருதுன்னு சொல்லியிருக்கீங்க" என்றார். தலைப்பை மாற்றச் சொன்னார்கள். இனி ஓட்டில் ஒட்டக் கூடாது, பின்மடிப்பின் இடுக்கு வழியாகச் சதையில் நூல் கோத்துக் கட்ட வேண்டும், ஓடு போனாலும் எண் போகாது என்றார்கள். முழுசாக ஒரு பருவம் திரும்பச் செய்ய வேண்டும். பட்டம் அதற்கப்புறம்தான்.

சனிக்கிழமை காலையில் இசக்கிராஜா தீவனக் கம்பெனிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னான். சொன்னபிறகு நெஞ்சு லேசாக இருந்தது. மெஸ்ஸில் ஆறு இட்லி சாப்பிட்டான். ஏழாவதைக் கையில் எடுத்தபோதுதான் பத்திரிகை ஞாபகம் வந்தது.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு நசீமா பானுவின் அறைக்குப் போனான். வழியில் பூவரச மரத்தடியில் பழைய கதவு சாய்ந்து கிடந்தது. பார்க்காமல் தாண்டினான். வாசலில் வார்னிஷ் மணக்கும் புதுக்கதவு, துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது. இந்த அறைதானா என்று ஒரு நிமிடம் தயங்கினான்.

"யாரது?"

"நான்தான் மேடம்." பத்திரிகையை நீட்டினான். "எங்கப்பா ஊர் பூரா கொடுத்துட்டாரு. முனைவர்னு அடிச்சுருக்கு. கல்யாணம் தை மாசம். பட்டம் அடுத்த வருசம்தான் வரும். பந்தல்ல எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பேன்?"

அவர் பத்திரிகையை வாங்கிப் படித்தார். தங்கையின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் நிதானமாகப் படித்தார். கடைசியில் தங்க எழுத்துக்கு வந்தார்.

"ஒட்டினதை உரிக்க முடியாதோ?"

"முடியாது மேடம்."

அவர் பத்திரிகையை மடித்துக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தார். இசக்கிராஜா திரும்பிப் புதுக்கதவைப் பார்த்தான்.

"மேடம், உங்க பேர்ப்பலகை எங்க?"

அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். பூவரச மரத்தடியில் கரையான் தின்ற கதவு கிடந்தது. அதன்மேல், ஒரு ஓரம்கூடப் பெயராமல், 'முனைவர் நசீமா பானு' இருந்தது. சுற்றிலும் உளி பட்ட தழும்புகள்.

"தச்சர் ஒரு மணி நேரம் போராடிப் பார்த்தார். உன் பசை விடலை. அது அந்தக் கதவோட போயிடுச்சு" என்றார் நசீமா பானு. "நான் இங்கதான் இருக்கேன். உள்ள வந்து உக்காரு, நூல் கோக்கச் சொல்லித் தர்றேன்."